கிள்ளான் இருப்புப்பாதை: விரைவும் தாமதமும்

இருப்புப்பாதைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திறப்பு விழாக்களையே வரிசைப்படுத்திச் செல்வர். இன்ன ஆண்டில், இன்ன ஆளுநர், இத்தனை மைல் பாதையைத் திறந்து வைத்தார் என்னும் செய்திகள் கல்லிலும் அரசாங்க அறிக்கையிலும் இடம் பெற்றுவிடுகின்றன. ஒரு விழாவுக்கும் அடுத்த விழாவுக்கும் இடையே நடைமேடையில் நின்று காத்திருந்த மக்களின் காலமோ எங்கும் பொறிக்கப்படுவதில்லை. எனினும், ஓர் அரசாங்கம் யாரை நினைவில் வைத்தது, யாரை மறந்தது என்று அறிய விரும்புவோர்க்கு விழா நாட்களைவிடக் காத்திருப்பு நாட்களே மிகுந்த சான்று தரும்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் வரை செல்லும் பாதை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். 40 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமே உடையது இப்பாதை. இதன் முதற்பகுதியைக் காட்டையும் சதுப்பையும் கடந்து அமைத்து முடிக்க, 19-ஆம் நூற்றாண்டில் நான்கு ஆண்டுகள் போதியனவாயின. அதே பாதையைப் புதுப்பிப்பதற்கான ஒப்பந்தத்தை எழுதவும், திருத்தவும், நீக்கவும், மீண்டும் ஏற்கவும் மட்டுமே 21-ஆம் நூற்றாண்டில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பொறியியல் வளர்ந்த காலத்தில் வேலை ஏன் மெதுவாயிற்று? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈயம் அழைத்த பாதை

சிலாங்கூரின் தலைநகர் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. ஈயச் சுரங்கங்கள் உள்நாட்டில் இருந்தன. கப்பல் வந்து நிற்கும் இடமோ கிள்ளான் ஆற்றின் முகப்பை ஒட்டியிருந்தது. இடையே ஆற்றில் படகும், டாமன்சாரா படகுத்துறையிலிருந்து கோலாலம்பூர் வரை மாட்டுவண்டிச் சடக்குமே வழி. மழை பெய்தால் சடக்கு சேறாகும். நீர் குறைந்தால் படகு தரை தட்டும். ஈயத்தை வெளியே அனுப்புவதற்கும், சுரங்கத் தொழிலாளர்க்கு வேண்டிய அரிசியை உள்ளே கொண்டுவருவதற்கும் இவ்வழியொன்றே இருந்தது.

1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் இந்த நிலையை மாற்ற முனைந்தார். நீரிணைக் குடியேற்ற அரசாங்கத்திடமிருந்து 300,000 வெள்ளி கடன் பெறப்பட்டது. மீட்டர் அகலத்தில் ஒற்றைப் பாதை போடப்பட்டது. 1886 செப்டம்பரில், ஆளுநர் சர் பிரெடரிக் வெல்ட், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை சென்ற சுமார் 19½ மைல் பாதையைத் திறந்து வைத்தார். முந்திய ஆண்டில் திறக்கப்பெற்ற தைப்பிங் - போர்ட் வெல்ட் பாதைக்கு அடுத்து மலாயாவில் அமைந்த பாதை இதுவே. தாம் ஏறிய மாட்டுவண்டிகள் எல்லாவற்றிலும் இதுவே சிறந்தது என்று சுல்தான் அப்துல் சமாட் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது.

இவ்விரைவுக்குக் காரணம் என்ன? பாதை எதற்காக என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஏற்றுமதியாகும் ஈயத்தின் மீதான வரியே அந்நாளில் அரசாங்கத்தின் தலையாய வருவாய். பாதை ஒரு மாதம் தாமதித்தால், அந்த மாதத்து நட்டம் முடிவெடுக்கும் அரசாங்கத்தின் கணக்கிலேயே விழும். ஈய வணிகர் எண்ணிக்கையில் சிலர்; ஆனால் செல்வமும் செல்வாக்கும் உடையவர்; அவர் குரல் ரெசிடெண்டின் செவிக்கு எட்டும். ஆகவே முடிவு விரைந்தது, பணம் வந்தது, பாதையும் வந்தது.

இதைப் பொற்காலமாகப் போற்றுவதும் தவறாகும். அன்று நிலத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்காடுவோர் குறைவு. காய்ச்சலில் விழுந்த கூலியாளுக்காகக் கேள்வி கேட்போர் அதனினும் குறைவு. விரைவின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆற்றங்கரையில் நின்ற வண்டி

முதல் தாமதமும் இந்தப் பாதையோடு உடன்பிறந்ததே. புக்கிட் கூடா, கிள்ளான் ஆற்றின் வடகரையில் உள்ளது. பாதை அங்கு வந்து நின்றுவிட்டது. ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாததால், கிள்ளான் பட்டணத்துக்கு வண்டி செல்லவில்லை. 1890-இல் கன்னாட் பாலம் அமைந்த பின்னரே தென்கரையிலுள்ள கிள்ளானுக்குப் புகைவண்டி வந்தது. 19½ மைலுக்கு நான்கு ஆண்டுகள். ஓர் ஆற்றைக் கடக்க மேலும் நான்கு ஆண்டுகள்!

அதன் பின்னும் இடர் தீரவில்லை. ஆற்றுத் துறையாகிய கிள்ளானுக்குப் பெரிய கப்பல்கள் வருவது எளிதாக இல்லை. ஆற்றின் முகப்பிலேயே புதிய துறைமுகம் வேண்டும் என்று முடிவாயிற்று. 1899-இல் பாதை அங்குவரை நீண்டது. 1901 செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இதுவே 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத்தில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. சதுப்புக் காட்டைத் திருத்தி அமைத்த இடத்தில் கொசு பெருகியிருந்தது. துறைமுகத் தொழிலாளரும் கப்பல்காரரும் நோயுற்று விழ, துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. அவ்வாண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், வடிகால் வெட்டி நீர்த்தேக்கத்தை அகற்றும் வழியை முன்வைத்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை உரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் புதிய அறிவு கிள்ளானில் உடனே செயலுக்கு வந்தது, காய்ச்சல் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது. நீண்ட திட்டங்கள் கடைசி மைலில் இடறுவது இயல்பு. இடறிய இடத்தில் காரணத்தை அறிந்து உடனே திருத்தும் ஆட்சி இருந்தால் தாமதம் சிறிதாகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

பிரிக்பீல்ட்ஸ் கண்ட வாழ்வு

பெயருக்கேற்பச் செங்கல் சூளைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸ், இருப்புப்பாதையால் ஊராயிற்று. வண்டிகள் நிற்கும் கொட்டடி, பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் முற்றம், தொழிலாளர் குடியிருப்பு ஆகியவை இங்கே அமைந்தன. 1901-இல் மலாய் மாநிலங்களின் பாதைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. அதன் முதல் தலைமை நிர்வாகி சி.இ. ஸ்பூனர் இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் இங்கு வந்து சேர்ந்ததற்கு இத்தொடர்பும் ஒரு காரணம். தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் சிலிப்பர் கட்டை சுமந்தனர், ஜல்லி கொட்டினர், கேங்குகளில் தண்டவாளம் காத்தனர், பின்னர் செந்தூல் பணிமனையில் கொல்லராகவும் பொருத்துநராகவும் உழைத்தனர்.

இவ்விரு கூட்டத்தாரும் ஊன்றிய ஊர் இது. ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும், 1904-இல் தோன்றிய விவேகானந்தர் ஆசிரமமும் அவர்தம் குடியேற்றத்தின் அடையாளங்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்த கோலாலம்பூர் நிலையம் 1910-இல் குவிமாடங்களோடு எழுந்தது.

பாதை போட்டவர்களுக்கும் காத்திருப்பு இருந்தது. விடுதலைக்குப் பின்னும் இருப்புப்பாதைத் தொழிலாளர் பலர் நாட்கூலிக்காரராகவே இருந்தனர். வேலை நாள்தோறும் உண்டு. மாதச் சம்பளக்காரர் என்னும் நிலை மட்டும் இல்லை. மனுக்கள் பயன் தராத நிலையில், மலாயா இருப்புப்பாதைத் தொழிலாளர் சங்கம் 1962 டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 22 நாட்கள் நாடெங்கும் வண்டிகள் நின்றன. நாட்கூலியை மாதச் சம்பளமாக்குக என்பதே தலையாய கோரிக்கை. வண்டியை நிறுத்திய பின்னரே அவர்களின் நெடுநாட் காத்திருப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தது.

சென்னையில் 1931, கோலாலம்பூரில் 1995

இருப்புப்பாதையின் தலையாய சரக்கு ஈயமும் இரப்பருமாக இருந்தவரை, பாதையைப் பற்றிய கவலை மேலிடத்தில் இருந்தது. பயணிகள் பெருகிய காலத்திலோ அக்கவலை குறையலாயிற்று. இதை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர், அதாவது 18 மைல். கோலாலம்பூர் - புக்கிட் கூடா பாதையின் நீளத்தோடு ஏறத்தாழ ஒத்தது. அதுவும் அன்று மீட்டர் அகலப் பாதையே. அங்கே 1931-இல் மின்வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக்கு வெளியே குடியிருந்து நகருக்குள் வேலை பார்ப்போர் தொகை பெருகும் என்று கணித்து அதைச் செய்தனர். கோலாலம்பூர் - கிள்ளான் பாதையில் மின்வண்டி ஓடியது 1995-இல். இரண்டுக்கும் இடையே 64 ஆண்டுகள்!

இந்த இடைவெளிக்குப் போரும் ஒரு காரணம். ஜப்பானியர் ஆட்சியில் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம் - பர்மா பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அப்பாதையில் உயிர்நீத்த தமிழர் கதை நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் ஆறாத புண். போருக்குப் பின், அழிந்ததை மீண்டும் அமைப்பதே முதல் வேலையாயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் பெருஞ்செலவு வைத்தது. 1957-இல் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. ஆனால் அவை நெடுந்தொலைவு வண்டிகளுக்கே பெரிதும் பயன்பட்டன.

எனினும் போரையே எல்லாவற்றுக்கும் காரணமாக்க முடியாது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என நகரங்கள் எழுந்தன. 1978-இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குச் சென்றனர். இம்மக்கள் திரளுக்காக விரிந்தது கூட்டரசு நெடுஞ்சாலையே. 1975-இல் சிற்றுந்துகள் வந்தன. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. அந்நெடுஞ்சாலைக்கு அணித்தாகவே கிடந்த இருப்புப்பாதையில் பழைய முறையிலேயே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாலையைக் கேட்டவர்கள் காரும் செல்வாக்கும் உடையவர்கள். இருப்புப்பாதையைக் கேட்க வேண்டியவர்கள் பலராக இருந்தும் சிதறிக் கிடந்தார்கள்.

மின்வண்டி வந்த பின்னர்

1995 ஆகஸ்டில் கே.டி.எம். கொமுட்டர் சேவை தொடங்கியபோது மக்கள் மகிழ்ந்தது இயல்பே. 25,000 வோல்ட் மாறுமின்சாரம், இரட்டைப் பாதை, குளிரூட்டிய பெட்டிகள் - எல்லாம் புதியவை. பிரிக்பீல்ட்ஸின் பழைய வண்டி முற்றம் அழிந்து, 2001 ஏப்ரலில் அவ்விடத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 72 ஏக்கர் நிலத்தில் மாடமாளிகைகள் எழுந்தன. அவ்வூரில் இருப்புப்பாதையோடு வாழ்ந்த குடும்பங்கள் பல வேறிடம் பெயர்ந்தன.

ஆனால் கருவி வாங்குவதோடு கடமை முடிவதில்லை. பேணுதல் என்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை; அதற்குத் திறப்பு விழா கிடையாது; ஆகவே செலவுப் பட்டியலில் எளிதில் வெட்டுப்படுவதும் அதுவே. முதலில் வந்த மும்மூன்று பெட்டித் தொடர்கள் மூன்று வெவ்வேறு நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை, உதிரிப்பாகங்களும் வெவ்வேறு. பத்து, பதினைந்து ஆண்டுகளில் பல தொடர்கள் ஓடாமல் நின்றன. எஞ்சியவற்றில் மக்கள் நெருக்கியடித்துப் பயணம் செய்தனர். 2010-இல் பெண்களுக்கெனத் தனிப்பெட்டி ஒதுக்க வேண்டிய நிலை வந்தது. 2012-இல் சீனத்திலிருந்து ஆறு பெட்டிகள் கொண்ட 38 புதிய தொடர்கள் சேவைக்கு வந்த பின்னரே நெரிசல் ஓரளவு தணிந்தது.

இதற்கிடையில் ஒரு நற்செய்தியையும் குறிப்பிட வேண்டும். 1905-இல் கல்லுடைப்புக்காக அமைந்த பத்துமலைக் கிளைப்பாதை நெடுங்காலம் பயணிகளுக்குப் பயன்படாது கிடந்தது. செந்தூலிலிருந்து பத்துமலை வரை அதை இரட்டை மின்பாதையாக்கும் வேலை 2006-இல் தொடங்கி, 2010 ஜூலையில் சேவைக்கு வந்தது. தைப்பூசத்துக்குக் கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வரும் அடியார்களுக்கு இது பேருதவி. ஆயினும் செந்தூலுக்கு அப்பால் ஏழரைக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஓடும் பாதையைப் புதுப்பித்தல்

புதிய வண்டி வந்தாலும் தண்டவாளமும், மின்கம்பியும், கைகாட்டியும் பழையவையாயின் பயன் குறைவே. இவற்றை மாற்றுவதற்கே கிள்ளான் பள்ளத்தாக்கு இரட்டைப் பாதைப் புதுப்பிப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. முதற்கட்டம் 2016-இல் தொடங்கியது. அது ரவாங்கிலிருந்து சாலாக் செலாத்தான் வரையும், செந்தூலிலிருந்து அங்காசாபுரி வரையும் உள்ள பகுதியைச் சார்ந்தது. நெருக்கடி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடிய வண்டி, 30 நிமிடத்துக்கு ஒன்றாயிற்று. பயணிகள் சினந்தனர். அச்சினம் நியாயமே, ஆனாலும் வேலையின் தன்மையை அறிந்துகொள்வது நன்று.

புதுப் பாதை போடுவோர் பகல் முழுதும் உழைக்கலாம். ஓடுகின்ற பாதையைப் புதுப்பிப்போர்க்கு, கடைசி வண்டி சென்ற பின் முதல் வண்டி வரும் வரையுள்ள சில மணி நேரமே கிடைக்கும். அதிலும் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை நிலத்தோடு இணைத்து, பாதுகாப்பு உறுதியாயிற்று என்று எழுதி வாங்க வேண்டும். பின்பு கருவிகளைக் கொண்டுசேர்க்க வேண்டும். விடியுமுன் எல்லாவற்றையும் அகற்றி, சோதித்து, பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்து மணி நேர இரவில் உண்மையான வேலைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது.

இரவு போதாதபோது இரு தண்டவாளங்களில் ஒன்றை மூடிவிட்டு, மற்றதில் இரு திசை வண்டிகளையும் மாறி மாறி விடுவர். இதன் விளைவைச் சிறு கணக்கால் காணலாம். 6 கிலோமீட்டர் நீளப் பகுதியில் ஒரு தண்டவாளம் மூடப்பட்டதாகக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி அதைக் கடக்க 9 நிமிடம். பாதையை மாற்றிக் கைகாட்டியைத் திருப்ப 3 நிமிடம். ஆக 12 நிமிடம். எதிர்த்திசை வண்டிக்கும் 12 நிமிடம். எனவே ஒரே திசையில் செல்லும் இரு வண்டிகளுக்கிடையே 24 நிமிடம் கட்டாயமாகிறது. இடையில் துறைமுகத்துச் சரக்கு வண்டி ஒன்று புகுந்தால் 36 நிமிடம். இதைப் பொறியாளரின் சோம்பல் என்று சொல்ல இயலாது. ஒரே பாதையில் பயணியும் கொள்கலனும் பங்கிட்டுச் செல்லும் வரை இக்கணக்கு மாறாது.

ஆகவே வேலை நடக்கும்போது ஏற்படும் தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு முடிவும் உண்டு. வேலை நடக்காதபோது ஏற்படும் தாமதமே ஆராயத்தக்கது.

ஒப்பந்தத்தில் நின்ற வண்டி

இரண்டாம் கட்டம் கிள்ளான் மக்களுக்கு உரியது. சாலாக் செலாத்தானிலிருந்து சிரம்பான் வரையும், துறைமுகச் சந்திப்பிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரையும் சுமார் 110 கிலோமீட்டர். 2018-இல், பொதுத்தேர்தலுக்குச் சற்று முன்னர், 526.5 கோடி வெள்ளிக்கு இவ்வேலை தாயா மாஜு - எல்.டி.ஏ.டி. கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. மே மாதத்தில் ஆட்சி மாறியது. புதிய அமைச்சர் அந்தோணி லோக் காலத்தில் கணக்கு மறு ஆய்வு செய்யப்பட்டு, விலை 447.5 கோடியாகக் குறைந்தது. 2020-இல் மீண்டும் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமைச்சர் வீ கா சியோங், ஒப்பந்தம் நீக்கப்பட்டுப் புதிய ஏலம் விடப்படும் என்று அறிவித்தார். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2021-இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு கண்டு, அதே நிறுவனத்துக்கே வேலை திரும்ப அளிக்கப்பட்டது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர மூன்று ஆண்டுகள் சென்றன.

இது கிள்ளானுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஈப்போ - பாடாங் பெசார் இரட்டைப் பாதை, 329 கிலோமீட்டர், 2003-இல் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பிரதமர் மாறினார். டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007-இல் உயிர்பெற்று, 2014-இல் முடிந்தது. கிள்ளானுக்கே உரிய மூன்றாவது எல்.ஆர்.டி. பாதை 2020-இல் ஓடவேண்டியது. 2018-இல் அதன் செலவு 3,165 கோடியிலிருந்து 1,663 கோடி வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. ஐந்து நிலையங்கள் நீக்கப்பட்டன. 2023-இல் அவ்வைந்தும் மீண்டும் சேர்க்கப்பட்டன. சென்னையிலும் இக்கதை உண்டு. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் பாதை 2008-இல் தொடங்கி, சுமார் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் பல்லாண்டு நின்றது.

ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பது குற்றமா? அன்று. பொதுப்பணம் காப்பது அமைச்சரின் கடமை. கிள்ளான் திட்டத்தில் மறு ஆய்வால் 79 கோடி வெள்ளி குறைந்தது எளிதான செய்தியன்று. ஆனால் தராசின் ஒரு தட்டில் அந்த 79 கோடியை வைப்போர், மறு தட்டில் எதையும் வைக்கவில்லை. அங்கே வைக்க வேண்டியது பயணியின் காலம்.

அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடினால், நேரம் பாராது நிலையத்துக்கு வருபவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார். 30 நிமிடத்துக்கு ஒரு வண்டியாயின் 15 நிமிடம். ஒரு பயணத்துக்கு ஏழரை நிமிடம் கூடுதல். போக்கும் வரவும் சேர்த்து நாளொன்றுக்கு 15 நிமிடம். ஆண்டில் 250 வேலை நாட்களுக்கு 3,750 நிமிடம், அதாவது 62½ மணி. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ எட்டு நாள் சம்பளத்துக்குச் சமமான காலம். வண்டி குறித்த நேரத்தில் வந்தாலே இவ்வளவு. தாமதித்தால் இன்னும் மிகுதி. கிள்ளானிலிருந்தோ பாடாங் ஜாவாவிலிருந்தோ புறப்படும் ஒரு தொழிலாளி இந்த எட்டு நாட்களையும் ஆண்டுதோறும் நடைமேடையில் விட்டுச் செல்கிறார். அதற்கு எந்த அமைச்சும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

காத்திருப்பவர் யார்?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். 1882-இல் தாமதத்தின் நட்டம் முடிவெடுப்பவரைச் சேர்ந்தது. ஆகவே முடிவு விரைந்தது. 2018-க்குப் பின் தாமதத்தின் நட்டம் முடிவெடுப்பவரைச் சேரவில்லை. ஒப்பந்தக்காரர் தம் நட்டத்தைக் கேட்க நீதிமன்றம் செல்லலாம். அரசாங்கம் தன் சேமிப்பை நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்கலாம். பயணி ஒருவர்க்கு மட்டும் வழக்குமன்றமும் இல்லை, கணக்கேடும் இல்லை. வசதியுள்ளவர் காருக்கு மாறிவிடுகிறார். அவரோடு அவர் குரலும் போய்விடுகிறது. எஞ்சி நிற்பவர் மாணவர், முதியோர், காரில்லாத தொழிலாளர். தம் காலத்துக்கு விலை கேட்டறியாதவர்.

இந்நிலைக்குப் பரிகாரம் அரிதன்று. ஒரு திட்டத்தை மறு ஆய்வு செய்யும் அமைச்சு, சேமித்த வெள்ளியோடு, ஆய்வு நடந்த காலத்தில் பயணிகள் இழந்த மணிக்கணக்கையும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். ஆய்வுக்கென நாள் வரையறுக்க வேண்டும். பேணுதலுக்கான பணத்தை ஆட்சி மாற்றம் தொடாத தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நிலையத்தில் பதிக்கும் கல்லில், திறந்தவரின் பெயரோடு, முதலில் வாக்களித்த நாளையும் உண்மையில் முடிந்த நாளையும் பொறிக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய பொறியியல் தேவையில்லை. ஒழுங்கான கணக்கே போதும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் இருப்புப்பாதையோடு மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் உள்ளன. சிலிப்பர் கட்டை மாற்றியவர், கைகாட்டி காத்தவர், 1962-இல் 22 நாள் கூலியின்றி நின்றவர் ஆகியோரின் செய்திகள் அவர்தம் மக்கள் நினைவில் இருக்கின்றன. தமிழாசிரியர்கள் தம் மாணவர்களை விட்டு இவற்றைக் கேட்டு எழுதச் செய்தால், அரசாங்க அறிக்கைகளில் காணாத வரலாறு ஒன்று நமக்குக் கிட்டும். பாதையை அமைத்தவர் வரலாறும், அதில் காத்திருப்பவர் கணக்கும் எழுதப்பட்டால், அடுத்த ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கும் அமைச்சர்க்கு இரண்டாம் தட்டில் வைக்கவும் ஒரு பொருள் இருக்கும்.